ஒற்றைக் காலுறை எங்கே போகிறது? உங்கள் வீட்டு நாயின் சேட்டைகளையும் சொல்லுங்கள்

கேட்பவர்: ஈரமூக்கு

வணக்கம். எங்கள் வீட்டு நாய் சுண்டுவைப் பற்றிக் கேட்க வேண்டும். பெண் நாய், கலப்பினம், நடுத்தர உயரம். ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். வயது இரண்டு ஆகப்போகிறது. குட்டிப் பருவத்துச் சேட்டை தானாக அடங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அடங்கவில்லை. இப்போது அதற்கு ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் காலுறை. ஜோடியில் ஒன்றை மட்டும்தான் எடுப்பாள். துவைத்து மடித்து வைத்திருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். காலிலிருந்து கழற்றிப் போட்டதுதான் வேண்டும். கடிப்பதில்லை, கிழிப்பதில்லை. கவ்விக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று காட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பாள். பெருக்கும்போது குனிந்து பார்த்தால் அங்கே ஒரு குவியலே இருக்கிறது. எல்லாம் வீட்டு மனிதர்களுடையவை. வந்துபோன விருந்தாளிகளுடையது ஒன்றுகூட இல்லை.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தில் குடிப்பதில் பாதி தரையில் கிடக்கும். மீதியைத் தாடையில் ஏந்திக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்து, யார் மடி காலியாக இருக்கிறதோ அங்கே முகத்தை வைப்பாள். மாமனார் செய்தித்தாளைப் பிரிக்கும் நேரமும் இவளுக்குத் தாகம் எடுக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

குளியல் தனிக் கதை. தண்ணீர் ஊற்றும்வரை பரம சாது. துண்டை விலக்கியதும் பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு, காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு ஓட்டம் பிடிப்பாள். சோபா, கட்டில், நடைபாதை, மறுபடியும் சோபா. திருப்பத்தில் வழுக்கி விழுவாள்; எழுந்து இன்னும் வேகமாக ஓடுவாள். கடைசியில், ஏதோ இடம் தேர்ந்தெடுத்து வைத்திருப்பவள் மாதிரி, சுவரை ஒட்டி நின்று உடம்பை உதறுவாள். முழங்கால் உயரத்துக்குச் சுவர் முழுக்கப் புள்ளிகள்.

இவை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுகிறோம். நான்காவது விஷயத்தில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது. நாங்கள் வெளியே போய்த் திரும்பும்போது கழிப்பறைக் காகிதச் சுருள் குளியலறையிலிருந்து வாசல்வரை துண்டு துண்டாகப் பரந்திருக்கும். கதவைத் திறந்ததும் சுண்டு காதைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள். “பார், செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரிகிறது” என்கிறார் என் கணவர். தனியாக விட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறாள் என்பது மாமியாரின் கட்சி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் காரணமும் இல்லை. திரும்பி வந்த பிறகு அதட்டுவதால் ஏதாவது பயன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள், மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.


பதில்: சாம்பல்வால்

ஈரமூக்கு, உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள்: நாய் பழிவாங்காது. நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து நாய்களோடு இருப்பவள். கோபித்த நாயையும், பயந்த நாயையும், சலிப்பில் மேசைக்காலைத் தின்ற நாயையும் பார்த்திருக்கிறேன். “இவர்கள் வரட்டும், பாடம் கற்பிக்கிறேன்” என்று உட்கார்ந்து காகிதம் கிழித்த நாயைப் பார்த்ததில்லை.

உங்கள் கணவர் சொல்லும் அந்த முகத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முகத்தை நம்பித்தான் பல வீடுகளில் நாய்கள் வீணாக அடிபடுகின்றன. நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் இதையே சோதித்தார். ஆய்வு 2009-இல் வெளிவந்தது. 14 நாய்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடாதே என்று கட்டளையிட்டுவிட்டு அறையைவிட்டுப் போக வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் சில நாய்கள் அதைத் தின்னும், சில தின்னாது. திரும்பி வருபவரிடம் சில முறை உண்மையும் சில முறை பொய்யும் சொன்னார்கள். அதனால் ஒன்றுமே செய்யாத நாய்களும் திட்டு வாங்கின. முடிவைக் கேளுங்கள். அந்தக் “குற்றவாளி முகம்” தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. திட்டு வாங்கிய நாய்களில், சொன்ன பேச்சைக் கேட்டு நின்ற நாய்களிடம்தான் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுண்டு வாலை ஒடுக்குவது உங்கள் குரலுக்கும், புருவத்துக்கும், கதவைத் திறந்ததும் நீங்கள் நிற்கும் நிலைக்கும்தான். காகிதம் கிழித்ததற்கும் இப்போது வரும் அதட்டலுக்கும் இடையே ஒரு தொடர்பை அவளால் போட முடியாது. “கதவு திறந்தால், தரையில் காகிதம் இருந்தால், இவர்கள் கோபமாக இருப்பார்கள்” என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்கிறாள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: திரும்பி வந்த பிறகு அதட்டாதீர்கள். ஒன்றும் பேசாமல் கூட்டி அள்ளுங்கள். அடுத்த முறை குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

காலுறைக்கு வருவோம். எனக்கு உங்கள் சுண்டுவின் குணங்களிலேயே இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. மனிதனின் மூக்கில் மோப்ப ஏற்பிகள் சுமார் 50 அல்லது 60 லட்சம் என்பார்கள். நாய்க்குச் சில இனங்களில் 30 கோடிவரை போகும். துவைத்த காலுறை அவளுக்கு வெறும் துணி. கழற்றிப் போட்ட காலுறையில் நீங்களே இருக்கிறீர்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், மயக்க மருந்து இல்லாமலே அசையாமல் படுத்திருக்கப் பழக்கிய 12 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, பல வாசனைகளை முகரக் கொடுத்தார்கள். பழகிய மனிதர், அறியாத மனிதர், பழகிய நாய், அறியாத நாய், அதனுடைய சொந்த வாசனை. மூளையில் இன்பத்தை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. அது மிக அதிகமாக விழித்தது பழகிய மனிதரின் வாசனைக்குத்தான். தன் இனத்து நண்பனைவிட வீட்டு மனிதன்! விருந்தாளியின் காலுறை கட்டிலடிக்குப் போகாத காரணம் இப்போது புரிகிறதா? ஒற்றை மட்டும் ஏன் என்றால், வாயில் ஒன்றுதான் வசதியாகக் கொள்ளும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே.

தண்ணீர் விஷயத்தில் அவள்மேல் குறையே இல்லை; நாக்கின் அமைப்பு அப்படி. நாய் நாக்கைக் கரண்டிபோல் பின்னோக்கி வளைத்து நீரில் இறக்கும். அதனால் அள்ளிக் குடிக்கிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2011-இல் ஹார்வர்டில் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் கரண்டியில் உள்ள நீர் பெரும்பாலும் கீழேயே கொட்டிவிடுவது தெரிந்தது. நாக்கில் ஒட்டிக்கொண்டு தூணாக எழும்பி வரும் நீரைத்தான் வாயை மூடிப் பிடிக்கிறது. பூனை குடிப்பதும் இந்த வகைதான். ஆனால் பூனை நாக்கு நுனியால் நீரின் மேலே தொட்டு எடுக்கும். நாய் நாக்கை உள்ளேயே அடித்து இறக்கும். தெறிக்காமல் எப்படி இருக்கும்? அகலமான, கனமான கிண்ணத்தைப் பாதி மட்டும் நிரப்பி, அடியில் நீர் உறிஞ்சும் தடித்த மிதியடி போடுங்கள். தரை காயும். மாமனார் மடியைக் காக்க வேறு வழி செய்ய வேண்டும். ஒரு சிறு துண்டைக் கிண்ணத்துக்கு மேல் கொக்கியில் மாட்டி வைத்து, குடித்து முடித்ததும் தாடையைத் துடைத்துவிட்டுப் பாராட்டி வாருங்கள். என் பழைய நாய் துடைக்க ஆளில்லாவிட்டால் துண்டுக்குக் கீழேயே போய் நின்று காத்திருக்கும்.

உதறுவதும் ஓடுவதும் பற்றி வேறு யாராவது எழுதுங்கள், அடுப்பில் வேலை இருக்கிறது.


பதில்: கப்பலோட்டி

எங்கள் வீட்டு நாயின் பெயர் கப்பல். அதனால்தான் எனக்கு இந்தப் பெயர்.

சாம்பல்வால் அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உதறுவதை ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அதிவேகக் கேமராவால் படம் எடுத்திருக்கிறார்கள். 2012-இல் கட்டுரை வந்தது. நனைந்த நாய் சில நொடிகளிலேயே தன்மேல் உள்ள நீரில் சுமார் 70 விழுக்காட்டை எறிந்துவிடுகிறது. உடல் சிறியதாக இருந்தால் வேகமாக உதற வேண்டும். சுண்டெலி நொடிக்கு சுமார் 30 தடவை, பெரிய நாய் நான்கைந்து தடவை. நாயின் தோல் தளர்வாக இருப்பதால் முதுகெலும்பு திரும்பும் அளவைவிடத் தோல் அதிகமாகச் சுழன்று அடிக்கிறது. நம் துண்டு இந்த வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, ஈரமூக்கு அவர்களே, உதறி முடிக்கும்வரை குளியலறைக் கதவைத் திறக்காதீர்கள். கப்பலுக்கு நான் முகத்தின் அருகே மெல்ல ஊதினால் உடனே உதறிவிடும். இரண்டு முறை உதறிய பிறகே வெளியே விடுகிறேன். கூடத்துச் சுவர் பிழைத்துவிட்டது.

ஓட்டத்தைத் தடுக்க வேண்டாம். உள்ளே அடக்கிவைத்த பரபரப்பு அப்படித்தான் வெளியேறுகிறது. அந்த முகத்தைப் பாருங்கள், வாய் திறந்து, கண் மின்ன, அதில் துளி பயம் கிடையாது. வழுக்கும் திருப்பத்தில் மட்டும் ஒரு விரிப்பைப் போட்டுவிடுங்கள். வழுக்கி விழுந்தால் முழங்கால் மூட்டு கெடலாம்.

கப்பலின் தனித்துறை தலையணை. பஞ்சு முழுவதும் வெளியே வரும்வரை விடாது. வந்த பிறகு உறையை ஏறிட்டும் பார்க்காது. குட்டியாக இருந்தபோது பல் முளைக்கிறது என்று பொறுத்தோம். நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28, அவை விழுந்து 42 நிலையான பற்கள் வர வேண்டும், ஏறத்தாழ ஏழு மாதம்வரை ஈறு நமநமக்கும். கப்பலுக்குப் பல் எல்லாம் எப்போதோ வந்துவிட்டது. கிழிக்கும் ஆசை மட்டும் நின்றபாடில்லை. இரையைப் பிடித்துப் பிய்க்கும் உணர்வின் மிச்சம் இது என்று நினைக்கிறேன். இதை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பசைநாடாவும் கம்பியும் எடுத்துவிட்ட பழைய அட்டைப் பெட்டிக்குள் கொஞ்சம் தீனியைப் போட்டு மூடிக் கொடுக்கிறேன். வெளியே கிளம்பும் முன் அதைக் கொடுத்துவிட்டால் திரும்பும்போது அட்டைத் துகள் மட்டும்தான் கிடக்கும், தலையணைகள் முழுசாக இருக்கும். அட்டையை விழுங்கும் நாய்க்கு இது சரிப்படாது; கப்பல் துப்பிவிடும்.


பதில்: நாலாம்நம்பர் அறை

கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கெடுக்க விரும்பவில்லை. ஆனால் காலுறை என்றதும் கை தானாகத் தட்டச்சுக்குப் போகிறது.

கட்டிலடியில் சேர்த்து வைக்கும் சுண்டு நல்ல பிள்ளை. எல்லா நாய்களும் அப்படி இல்லை. அறுவை மேசையில் நாயின் குடலிலிருந்து காலுறை வெளியே வருவதைப் பார்த்தவர்கள் ஒருபோதும் அதைத் தரையில் கழற்றிப் போட மாட்டார்கள். சேமிக்கும் நாய்கூட, யாராவது துரத்திப் பிடுங்க வந்தால், பறிபோகுமே என்ற அவசரத்தில் விழுங்கிவிடலாம். அதனால் துரத்தாதீர்கள். கையில் அவளுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வாயிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு வருவாள். கொடுத்து வாங்கப் பழகிய நாய் பெரும்பாலும் எதையும் விழுங்கி ஒளிக்காது.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி, உணவை மறுப்பது, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது, மலம் கழிக்க முக்குவது இவற்றில் எதற்கும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். குடலை அது அறுத்துவிடும்.

குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் நாய் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்புப்பொருள் சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. தொட்டி பூட்டப்பட்டிருக்க வேண்டும். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும் நாயைக் காணொளி எடுத்துச் சிரிக்கிறார்கள். பல நேரம் அது ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருப்பதன் அடையாளம், அந்த நாய்க்கு வலிக்கிறது.


பதில்: விடியல்நடை

இதைக் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். என் நாய் மலத்தைத் தின்கிறது. தன்னுடையதையும், பூனை போட்டதையும். தின்றுவிட்டு நேராக வந்து முகத்தை நக்கப் பார்க்கிறது. நல்ல உணவுதான் கொடுக்கிறோம். ஏதாவது சத்துக் குறைவா? இதற்கென்று விற்கும் மாத்திரைகள் பலிக்குமா?


பதில்: சாம்பல்வால்

தயங்க என்ன இருக்கிறது தம்பி, நாய் வைத்திருப்பவர்களில் பலர் இதை வெளியே சொல்லாமல் மூடி மறைக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழு 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏறக்குறைய 16 விழுக்காடு நாய்கள், அதாவது ஆறில் ஒன்று, அடிக்கடி இதைச் செய்பவை. கொடுக்கும் உணவுக்கும் இதற்கும் தொடர்பு காணவில்லை. ஆவலாக அள்ளி விழுங்கும் நாய்களிடம் அதிகம். பெரும்பாலும் இரண்டு நாளைக்குள் போட்ட புதிய மலத்தையே தின்கின்றன என்பதுதான் அவர்களைச் சிந்திக்க வைத்தது. குடற்புழுக்களின் முட்டைகள் தொற்றக்கூடிய நிலைக்கு வளரச் சில நாள் பிடிக்கும். ஓநாய் மூதாதையர் தம் வளையைச் சுற்றியுள்ளதை அதற்கு முன்பே தின்று அப்புறப்படுத்திய பழக்கம் மிஞ்சி நிற்கிறது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். நமக்குக் குமட்டுகிறது, அவனுக்கு அது வீட்டைத் துப்புரவாக்கும் வேலை.

மாத்திரைகளையும் அதே ஆய்வில் கேட்டிருக்கிறார்கள். பலித்தது என்று சொன்னவர்கள் இரண்டு விழுக்காட்டைத் தாண்டவில்லை. பணத்தைப் போடாதீர்கள். போட்டவுடன் அள்ளிவிடுங்கள், பூனையின் மணல்தட்டை உயரத்தில் வையுங்கள், புழு மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். முதல்முறையாக ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுவதும் நல்லது. திடீரென்று தொடங்கியிருந்தால் உடம்பில் வேறு காரணம் இருக்கலாம்.

முகத்தை நக்க விடாதீர்கள். கொஞ்சம் மனம் கல்லாகத்தான் வேண்டும்.


பதில்: கப்பலோட்டி

மலம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. செக் நாட்டு, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களைக் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளைகளில் அவை வடக்கு-தெற்காக நின்று மலம் கழிக்க விரும்புகின்றன என்று 2013-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வேடிக்கையாகக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. இடம் தேடிக் கப்பல் சுற்றிச் சுற்றி வரும்போது இப்போதெல்லாம் நான் அவசரப்படுத்துவதில்லை.


கேட்பவர்: ஈரமூக்கு

எல்லோருக்கும் நன்றி. 14 நாய்கள் ஆய்வை மாமியாருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். “தின்னாத நாயையும் திட்டினார்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்ச் சுண்டுவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கணவர் இன்னும் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் அதட்டுவதை நிறுத்தியிருக்கிறார். குளியலறைக் கதவு இப்போது சாத்தியே இருக்கிறது. காலுறைகளுக்கு மூடி வைத்த கூடை வாங்கிவிட்டோம். கழற்றிய ஒரு பழைய பனியனை அவள் படுக்கையில் போட்டிருக்கிறேன். கிழித்துத் தின்பவள் அல்ல என்பதால்தான் துணிந்தேன். வெளியே போய்த் திரும்பும்போது அதன்மேல்தான் படுத்திருக்கிறாள்.

இன்னொன்று கேட்க விட்டுப்போயிற்று. படுக்கும் முன் படுக்கையைப் பரபரவென்று பிராண்டி, மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விழுகிறாள். விரிப்பு கிழிந்துகொண்டே வருகிறது. நகத்தை வெட்டினால் போதுமா?


பதில்: சாம்பல்வால்

நகத்தைக் கட்டாயம் வெட்டுங்கள், ஆனால் பிராண்டுவது நிற்காது. புல்லை மிதித்துப் படுக்கை அமைத்த காலத்துப் பழக்கம் என்று சொல்வார்கள். பாதத்தில் சுரப்பிகள் இருப்பதால் தன் வாசனையையும் பதித்துக்கொள்கிறது. மேலே விரிக்கும் மெல்லிய விரிப்பை எடுத்துவிட்டு, தடித்த பழைய போர்வையைத் தைக்காமல், செருகாமல் தளர்வாகப் போடுங்கள். அவள் விருப்பப்படி குவித்துக்கொள்ளட்டும். சுற்றிச் சுற்றியும் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நின்றால் மட்டும் மூட்டு வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வயதில் அது குறைவு, வயதான நாய் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.


பதில்: நாலாம்நம்பர் அறை

பனியனில் பொத்தானோ, தொங்கும் நூலோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடையின் மூடி காலால் மிதித்துத் திறக்கும் வகை என்றால் மாற்றிவிடுங்கள், நாய்கள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன.


கேட்பவர்: ஈரமூக்கு

மிதித்துத் திறக்கும் வகைதான். இன்று காலை ஒரு காலுறை குறைகிறது. மாற்றிவிடுகிறேன்.